அரைப்பேர் ஜீப்

எனக்குக் கலியாணம் நடந்த அன்றைக்கே ஹட்டன் பஜாருக்கு என் வயிற்றைத் தெரிந்துவிட்டது. ராகலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த காரில், நானுஓயாவைத் தாண்டுவதற்குள் முகூர்த்தப் புடவையில் வாந்தி எடுத்தேன். அப்புறம் தலவாக்கலையில் ஒரு தடவை, கொட்டகலையில் ஒரு தடவை. ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற நாத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்து, தண்ணீர்ச் செம்பைத்தான் முதலில் நீட்டினார். இருபத்தாறு வருடம் ஆகியும் பஜாரில் வயதானவர்கள் என்னைக் கண்டால் "வயிறு எப்படிம்மா இருக்கு" என்றுதான் விசாரிக்கிறார்கள்.

நான் இங்கே எழுத வந்தது எங்கள் டிரைவர் சுதர்ஷினியைப் பற்றி. ஆனால் என் வயிற்றைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. அதனால் அருவருப்புப் படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ராகலையில் என் தங்கை பிரேமினி இருக்கிறாள். எனக்கு இருக்கும் ஒரே கூடப்பிறந்தவள். ஹட்டனுக்கும் ராகலைக்கும் நடுவே எத்தனை வளைவு என்று ரோட்டுப் போட்டவர்களுக்குக்கூடத் தெரியாது, எனக்குத் தெரியும். நானுஓயா வரைக்கும் ரயிலில் போனாலும் மிச்சத் தூரம் என்னைச் சும்மா விடாது. தங்கை மகள் கேஷிகாவுக்குக் காது குத்தியபோதும், அவள் பெரியவளாகிச் சடங்கு வைத்தபோதும் நான் ராகலைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் உள்ளறையில் நெற்றியில் ஈரத்துணியும் கையில் மோந்துகொள்ளத் தேசிக்காயுமாகப் படுத்துக் கிடந்தேன். மேளச் சத்தம் மட்டும் கேட்டது. போட்டோவில் பார்த்தால் எல்லாரும் இருப்பார்கள், பெரியம்மா மட்டும் இருக்க மாட்டாள்.

என் வீட்டுக்காரர் ராமநாதன் ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் எதிர்க்கடை என்று ஒன்று இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. எதிரே புடவைக்கடை ஆண்டியப்பன். அரசாங்கம் தடையை எடுத்து, வெளிநாட்டு வாகனம் மறுபடி இறக்கலாம் என்று அறிவித்ததும் ஆண்டியப்பன் ஒரு பெரிய வண்டிக்கு முற்பணம் கட்டினார். அடுத்த வாரமே இவரும் கட்டினார். கம்பனிக்காரர்கள் எஸ்.யூ.வி. என்கிறார்கள். எங்கள் பஜாரில் உயரமாக இருக்கிற எதுவும் ஜீப்புதான்.

ஜீப் வந்ததும் டிரைவர் தேடினோம். முதலில் வந்தவர் பஸ் ஓட்டியவர். கொட்டகலைக்கு முன்பே நான் கதவைத் திறந்துவிட்டேன். இரண்டாவது வந்தவர் மிக மெதுவாக ஓட்டினார். அப்போதும் வாந்திதான், நிதானமாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாவதாக வந்தவள் சுதர்ஷினி. நாற்பத்து மூன்று வயது, ஒல்லி, தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த வண்டியா என்று அன்று நானும்தான் நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "அம்மா வண்டியில எந்தப் பக்கம் உக்காருவாங்க?" என்று கேட்டாள்.

பின்சீட்டில் இடது பக்கம் என்றேன். கதவைத் திறந்து அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். "முதலாளி, கொட்டகலை வரைக்கும் போயிட்டு வருவோமுங்களா? நீங்க ஓட்டுங்க" என்றாள். வேலை கேட்டு வந்தவள் முதலாளியை ஓட்டச் சொல்கிறாளே என்று இவர் முழித்தார். அதற்கு மேல், வண்டி புறப்பட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா, தூங்குறியா?" என்று இவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டாராம்.

"இல்லீங்க முதலாளி. ரோட்டைப் பாத்துக்கிட்டு வாறேன்."

அதுதான் அவள் வேலை செய்யும் முறை. புது வண்டியோ புது ரோடோ, முதலில் பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, வயிறு என்ன சொல்கிறது என்று கேட்பாள். அப்புறம்தான் ஸ்டியரிங்கைத் தொடுவாள்.

இதை அவள் கற்றுக்கொண்ட இடம் குவைத். டயகம தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு நான்காவது பிள்ளையாகப் பிறந்து, இருபத்திரண்டு வயதில் வீட்டு வேலைக்காக அங்கே போயிருக்கிறாள். ஒரு வருடத்தில் அந்த வீட்டு மேடம் அவளுக்கு லைசன் எடுத்துக் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக வைத்துவிட்டார். "அங்க ரோடு கயிறு புடிச்ச மாதிரி நேரா இருக்கும்மா. ஒரு வளைவு கிடையாது. ஆனா சின்னப் பிள்ளை தினமும் வாந்தி எடுத்துச்சு. அப்பதான் யோசிச்சேன், வாந்தி வளைவுல இல்ல, கால்ல இருக்கு" என்பாள். வளைவுக்குள் போய்ப் பிரேக்கை அழுத்துவதும், வெளியே வந்ததும் வண்டியை உதைத்துவிடுவதும்தான் வயிற்றைக் கலக்குகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். பதினோரு வருடம் கழித்துத் திரும்பி வந்து, டயகமவிலிருந்து தலவாக்கலைக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். மற்ற வேன்களில் கம்பிக்குக் கம்பி வாந்திக்குப் பிளாஸ்டிக் சிலிசிலிப் பை தொங்கும். அவள் வேனில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு போவார்களாம். அதில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன், அவள் ஓட்டும்போது நானே ஒரு தடவை ஜீப்பில் ஏறும் வரைக்கும்.

அவள் ஓட்டிய முதல் நாள் ராகலைக்குப் போய் இறங்கினேன். பிரேமினி வழக்கம்போல ஈரத்துணியோடு ஓடி வந்தாள். அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுடி, சோறு போடு" என்றேன். தங்கை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அவள் வேலைக்கு வந்த எட்டு மாதத்தில் பதினான்கு தடவை ராகலைக்குப் போய் வந்தேன். ஐம்பது வயதில் எனக்கு ஒரு தங்கை திரும்பக் கிடைத்தாள்.

சுதர்ஷினியிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே போய் இறங்கினாலும் வலது காலைத் தரையில் இரண்டு தரம் ஓங்கித் தட்டுவாள். தட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். குவைத்தில் செருப்பு மணலைத் தட்டிய பழக்கம் போல என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கேட்டதில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ட்யூன் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதர்ஷினிக்கு லீவு. இவர் தானே ஜீப்பை எடுத்துக்கொண்டு கொட்டகலைக்குப் போனவர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ஏற்றத்தில் ஆண்டியப்பன் இவரை முந்திப் போய்விட்டாராம். போனதோடு விடாமல் கையை வெளியே போட்டு ஆட்டினாராம். அந்தக் கையைப் பற்றியே இரண்டு நாள் பேசினார். மூன்றாம் நாள் வண்டிக் கம்பனியிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. இன்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டருக்குள் புது ட்யூன் போட்டுக் கொடுக்கிறார்களாம். வண்டியைச் செய்த கம்பனியே அங்கீகரித்தது, உத்தரவாதம் அப்படியே இருக்கும், ஒரு ஆணிகூடக் கழற்ற மாட்டார்கள், ஆனால் இழுவை கூடும்.

"பரிமளம், நம்ம வண்டியில முப்பது குதிரை கூடுதாம்" என்றார்.

"இருக்கிற குதிரைக்கே நான் படுறது போதும். ஆண்டியப்பன் கையை ஆட்டினாருன்னு என் வயித்துல கை வைக்காதீங்க."

"இது ஏதோ கராஜ்ல போடுற களவு வேலை இல்ல. கம்பனியே செய்யுறது."

"கம்பனி வந்து என் பையைப் புடிக்குமா?"

எனக்குக் கோபம் வந்தால் குரல் சமையலறையைத் தாண்டிக் கடைக்கும் கேட்கும். அன்று கேட்டிருக்கும். எனக்கு உள்ளுக்குள் பயம். இன்னும் ஐந்து வாரத்தில் கேஷிகாவுக்குப் பரிசம் போடுகிறார்கள். பெரியம்மா முறைக்குத் தட்டு எடுக்க வேண்டியவள் நான். இழுவை கூடினால் உதறலும் கூடும்; உதறல் கூடினால் நான் மறுபடி அந்த உள்ளறைக்குத்தான் போவேன், மேளச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு. இதை அவரிடம் சொல்லியும் காட்டினேன். கடைசியில் அவர், "சரி, சுதர்ஷினி சொல்லட்டும். அவ வேணாம்னா வேணாம்" என்றார்.

வழக்கு என் பக்கம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என்னை வாந்தி எடுக்காமல் கொண்டுபோகிறவள் வேறு என்ன சொல்லப் போகிறாள். இருந்தாலும் பாதுகாப்புக்கு அன்று சாயங்காலம் ஒரு டப்பா நிறைய முறுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் பார்த்தால் இவர் கடைப் பையனை விட்டுவிட்டுத் தன் கையால் ஜீப்பைக் கழுவிக்கொண்டு நிற்கிறார், சுதர்ஷினி வேலை மிச்சமாகட்டும் என்று. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பின்னால உக்காராம நான் எதையும் சொல்ல மாட்டேன்ங்க" என்றாள். "ட்யூன் போட்ட வண்டி ஒண்ணு கண்டி ஷோரூம்ல இருக்காம். போயி உக்காந்து பாப்போம்."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. முறுக்கைத் தின்றுவிட்டு இப்படிப் பேசுகிறாளே என்று இருந்தது. சரி, நானும் வருகிறேன் என்றேன். சாட்சி சொல்ல என் வயிறு இருக்கிறதே.

இங்கே நான் செய்த கள்ள வேலையையும் சொல்லிவிட வேண்டும். கண்டிக்குப் போகிற அன்று காலையில் வாந்திக்கு வழக்கமாகப் போடும் குளிசையை நான் போடவில்லை. இஞ்சித் துண்டை எடுக்கவில்லை. மூன்று தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல், அதன் மேல் ஒரு வாழைப்பழம், அதற்கும் மேல் ஒரு டம்ளர் பால். எந்த நீதிபதியும் மறுக்க முடியாத சாட்சியாக இருக்கட்டும் என்று தயார் செய்துகொண்டுதான் ஏறினேன். ஆனால் போகும்போது ஓட்டியவள் சுதர்ஷினி. கினிகத்தேனை இறக்கத்தில்கூட ஒன்றும் ஆகவில்லை. அவளை நினைத்தால் பெருமையாகவும், என் திட்டத்தை நினைத்தால் கவலையாகவும் இருந்தது.

ஷோரூமில் எங்களைக் கவனிக்க வந்தவன் ஒரு சிங்களப் பையன், கழுத்தில் அட்டை தொங்கியது. எங்கள் வண்டி போலவே இன்னொன்று, அதே நிறம்கூட. இவரை ஓட்டச் சொல்லிச் சாவியை நீட்டினான். சுதர்ஷினி குறுக்கே வந்து சிங்களத்தில், தம்பி என்று முறை வைத்து, "மல்லி, நீங்க ஓட்டுங்க. நாங்க பின்னால உக்காருறோம். ஹந்தானை மலைக்குப் போங்க" என்றாள். வாங்க வருகிறவர்கள் ஸ்டியரிங்குக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். பின்சீட்டு கேட்கிறவர்களை அவன் பார்த்ததில்லை போலிருக்கிறது. "ஹரி அக்கா" என்று சரி சொல்லிவிட்டு ஏறினான்.

முன்னால் இவர், பின்னால் நாங்கள் இருவரும். என் இடத்தில் சுதர்ஷினி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பையன் சாமான் விற்க வேண்டியவன் அல்லவா, ஏற்றம் தொடங்கியதும் காட்டு காட்டென்று காட்டினான். வளைவுக்குள் போய் ஒரு பிரேக், வளைவு முடிந்ததும் ஒரு பாய்ச்சல். இவர் முன்சீட்டில் சிரித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வளைவில் ரொட்டி, சம்பல், பழம், பால் எல்லாம் பைக்குள் வந்துவிட்டன.

வாந்தி எடுத்துக்கொண்டே சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். பையன் பதறி ஓரம் கட்டினான். இவர் முகம் விழுந்துவிட்டது, பாவமாகக்கூட இருந்தது. "சரி பரிமளம், வேணாம். விட்டுருவோம்" என்றார். மனிதர் சொன்ன சொல்லை மீறுகிறவர் இல்லை.

சுதர்ஷினி என் முதுகைத் தடவி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நான் மூச்சு விட்டு முடிக்கும் வரை காத்திருந்து, "அம்மா, இன்னொரு தடவை ஏறுங்க. இப்ப நான் ஓட்டுறேன்" என்றாள்.

"எதுக்கு? நீதான் பாத்தியே. நீ யாரு பக்கம்?"

"யாரு பக்கமும் இல்லம்மா. நான் இன்னும் பாத்து முடியல. அந்த மல்லி ஓட்டுனதுக்குத்தான் வாந்தி வந்துச்சு. வண்டிக்கு வரல."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணை மூடியிருந்தேன்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்த வழக்கை மறுபடி எடுக்கிறாள். ஆனால் அவள் கேட்டு நான் மறுத்ததில்லை. மறுபடி அடிவாரத்துக்கு வந்தோம். சுதர்ஷினி ஸ்டியரிங்குக்குப் போனாள், பையன் அவள் பக்கத்தில், இவர் என் பக்கத்தில். இரண்டாவது பையை விரித்து மடியில் வைத்துக்கொண்டேன். வயிற்றில் மிச்சம் ஒன்றுமில்லை, இருந்தாலும் முயற்சி செய்வதில் தவறில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வளைவு போனது. இரண்டாவது எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தேயிலை பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் நான் கண்ணைத் திறந்தபோது வண்டி நின்றிருந்தது. மலை உச்சி. மூன்று பேரும் வெளியே கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பிவிடக் கூடாதென்று இன்ஜினைக்கூட அணைக்காமல் விட்டிருந்தார்கள். வளைவு ரோட்டில், ஓடுகிற வாகனத்தில், இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக நான் தூங்கியிருக்கிறேன். பை மடியில் காலியாக இருந்தது.

அவமானமாக இருந்தது. அதை மறைக்கக் கொஞ்சம் வேகமாகவே கதவைத் திறந்து இறங்கினேன். சுதர்ஷினி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, வலது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலுக்கு என்ன?" என்றேன்.

"ஒண்ணும் இல்லம்மா. வலிக்கல. அதான் பாக்குறேன்."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் அவள் பக்கத்தில் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தேன். "தினமும் வலிக்குமா?"

செருப்பை எடுத்துப் போடப் போனாள். நான் விடவில்லை. அப்புறம் சொன்னாள். தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு அரைநாள் கணக்குத்தான். அதை அரைப்பேர் என்பார்கள். அவள் அம்மாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பயமாம். "நம்ம ஜீப்பு நல்ல வண்டிதாம்மா. ஆனா ஏத்தத்துல அதுக்கு அரைப்பேருதான் போடணும். வளைவுல வந்து நிக்கும், யோசிக்கும், அப்புறம் கியரை மாத்திக்கிட்டு ஒரு உதை உதைக்கும். அந்த உதை உங்க வயித்துக்குப் போகக் கூடாதுன்னு நான் கால்ல புடிச்சுக்குவேன். மிதிச்சும் மிதிக்காம, விட்டும் விடாம. மிச்ச அரைப்பேரு என் கால்தான் போட்டுச்சு. ராகலை போயி இறங்குனா காலு மரத்துப் போயிருக்கும். ரெண்டு தட்டுத் தட்டுனாதான் நடக்க வரும்."

"இந்த வண்டி?"

"இது நிக்கவே இல்லம்மா. யோசிக்கவும் இல்ல. கீழேருந்தே இழுத்துக்கிட்டு வருது. காலுக்கு வேலையே இல்ல."

பதினான்கு தடவை ராகலைக்குப் போய் வந்தேன் என்று பெருமையாக எழுதினேன் அல்லவா. பதினான்கு தடவையும் அவள் இறங்கிக் காலைத் தட்டும் சத்தம் கேட்டவள் நான். குவைத் மணல் என்று நினைத்துக்கொண்டு சோறு சாப்பிடப் போயிருக்கிறேன். அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது, இவர் மேல் வரும் கோபத்தைவிட அதிகமாக.

"ஏன் முதல்லயே ட்யூன் போடுங்கன்னு சொல்லல?" என்றேன்.

"எனக்குத் தெரியாதேம்மா, அது காலுக்கு உதவுமா, வேகத்துக்கு மட்டுமான்னு. வேகத்துக்கு மட்டும்னா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்குப் பரிசம் இருக்குல்ல."

நான் எழுந்து இவரிடம் போனேன். "போடச் சொல்லுங்க" என்றேன். "என்ன?" என்றார் இவர். மறுபடி சொன்னேன். "உங்களுக்காக இல்ல. அவ காலுக்காக."

சுதர்ஷினி அதோடு விட்டுவிடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து ஷோரூம் பையனை நிறுத்திவைத்துக் கேட்டாள். உத்தரவாதம் மாறாது என்று எழுத்தில் தருவீர்களா? பிரேக் இந்த இழுவைக்குப் போதுமா, இறக்கத்தில் சூடாகுமா? இன்சூரன்ஸ்காரருக்கு யார் அறிவிப்பது? பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றித் தருவீர்களா? அவன் ஒன்றுக்குத் தெரியாது என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகு இவரிடம் திரும்பினாள்.

"போடலாம்ங்க முதலாளி. ஆனா ரெண்டு விஷயம். அந்த ஸ்போர்ட்ன்னு ஒரு பொத்தான் இருக்கு, அதை யாரும் தொடக் கூடாது. அம்மா உள்ள இருந்தா நீங்க ஓட்டக் கூடாது."

இவர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். "ஹரி அக்கா" என்றார் இவர், அந்தப் பையனைப் போலவே. சுதர்ஷினி சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பரிசத்தன்று காலையில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. தட்டை நானே மடியில் வைத்துக்கொண்டேன்; வெற்றிலை, பழம், பூ, புடவை எல்லாம் அடுக்கியிருந்தது. ட்யூன் போட்டு மூன்று வாரம். சுதர்ஷினி மஞ்சள் புடவை கட்டி, கொண்டையில் பூ வைத்திருந்தாள். கொட்டகலைக்குப் போகும் ஏற்றத்தில் முன்னால் ஒரு வெள்ளை ஜீப். நம்பரைப் பார்க்கத் தேவையில்லை, இவர் முதுகு நிமிர்ந்த விதத்திலேயே ஆண்டியப்பன் என்று தெரிந்தது. முன்சீட்டில், கொடுத்த வாக்குக்காக உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. இருபத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்த மனிதர். நான் வாந்தி எடுத்த ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

ரோடு நேராக வந்தது. எதிரே தூரத்துக்கு ஒன்றும் இல்லை.

"சுதர்ஷினி, முந்து" என்றேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். சுதர்ஷினி கண்ணாடியில் பார்த்தாள். "அம்மா, வயிறு?"

"அது என் வயிறு. நீ போ."

போனாள். உதறல் இல்லை, உறுமல் இல்லை. பக்கத்தில் வெள்ளை ஜீப் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது, நாங்கள் சும்மா இருப்பது போலவும் அதுதான் பின்னோக்கிப் போவது போலவும் இருந்தது. இவர் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே போட்டு ஆட்டினார். ஒரு தரம் ஆட்டியிருந்தால் போதும். ஆண்டியப்பன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று உடம்பையே திருப்பிக்கொண்டு பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கொட்டகலை போனது, நீர்வீழ்ச்சி வளைவுகள் போயின, மனிதர் முன்னால் திரும்பவே இல்லை. என் மடியில் ஒரு வெற்றிலை நகரவில்லை.

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குக் கிட்டே அவர் குரல் கம்மிப்போய் வந்தது.

"பரிமளம், அந்தப் பை இருக்கா?"

இருபத்தாறு வருடமாக எங்கே போனாலும் கைப்பையில் மடித்து வைத்திருக்கும் பை. விரித்து நீட்டினேன்.

ராகலையில் அன்று உள்ளறையில் நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தவர் என் வீட்டுக்காரர். மேளம் அடிக்கும்போது நான் பிரேமினிக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றேன். கேஷிகா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். தட்டை இறக்கி வைத்ததும் ஒரு டம்ளர் பிளேன்டீயை எடுத்துக்கொண்டு சுதர்ஷினியைத் தேடி வாசலுக்குப் போனேன். அவள் வண்டியை நிறுத்தி இறங்கி, காலைத் தட்டாமல் நேராக நடந்து வந்திருந்தாள். அதை நான் கவனித்திருந்தேன். அவளை இப்போது எங்கும் காணவில்லை. ஜீப்பின் முன்கதவு திறந்திருந்தது.

முன்சீட்டில், இவர் உட்காரும் இடத்தில், உடம்பைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி செய்யுற?" என்றேன்.

"முதலாளி இப்படித்தானே உக்காந்து வந்தாரு" என்றாள், கண்ணைத் திறக்காமல். "திரும்பிப் போகையில அவருக்கும் வரக் கூடாதும்மா. கொஞ்ச தூரம் ஓட்டுறதுக்கு யாராச்சும் இருந்தா கூப்பிடுங்க."